கோபமும் கடதாசியும்

மெக்சிக்கோ குடாவில் வால்ரஸ் கிடையாது. நீண்ட தந்தமும் முள் மீசையும் கொண்ட அந்தப் பெரிய விலங்கு வடதுருவத்துப் பனிக்கடலில் வாழ்வது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் படத்தைக் காட்டி இது எங்கே இருக்கும் என்று கேட்டால், ஐஸ் உள்ள பக்கமாகத்தான் விரலை வைக்கும். ஆனால், மெக்சிக்கோ குடாவில் எண்ணெய் சிந்தினால் என்ன செய்வோம் என்று பி.பி. என்ற பிரித்தானிய எண்ணெய்க் கம்பனி 2009இல் எழுதி வைத்திருந்த திட்டத்தில், காப்பாற்றப்பட வேண்டிய உயிரினங்களின் வரிசையில் வால்ரஸும் இருந்தது. அவசரத்துக்கு ஆலோசனை கேட்க வேண்டியவர் என்று பெயர் குறிக்கப்பட்டிருந்த பேராசிரியர் ஒருவர் 2005இலேயே காலமாகியிருந்தார்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கொப்பி திருத்துகிறவன் நான். இரண்டு பிள்ளைகள் பார்த்தெழுதியிருக்கிறார்கள் என்பதைச் சரியான விடைகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கொப்பியிலும் ஒரே பிழை வரும்போதுதான் ஆள் பிடிபடும். 2010 ஜூன் 15ஆம் திகதி ஐந்து பெரிய எண்ணெய்க் கம்பனிகளின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றின் முன்னே வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, பி.பி. மட்டுமல்ல, வேறு கம்பனிகளின் திட்டங்களிலும் அதே வால்ரஸ் படுத்திருப்பது வெளிவந்தது. எக்ஸோன் கம்பனித் தலைவர் அது வெட்கப்பட வேண்டிய விடயந்தான் என்று ஒப்புக்கொண்டார்.

உலகம் சிரித்தது. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கடதாசியை ஓர் அரச அலுவலகம் ஏற்று அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. பார்த்தெழுதிய மாணவனுக்கு முழுப் புள்ளி போட்ட வாத்தியாரும் அந்தக் கதையில் இருக்கிறார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 20ஆம் திகதி இரவு, லூசியானா மாநிலக் கரைக்கு அப்பால் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்ற துளைமேடை வெடித்துத் தீப்பிடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களின் ஜனாஸாக்கள் கூடக் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் மேடை மூழ்க, ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்திலிருந்த மக்கோண்டோ கிணறு 87 நாட்களாகக் கடலுக்குள் எண்ணெயைக் கக்கியது. கிணற்றுக் குழாயை நடுவே நிறுத்தி வைக்கும் வளையங்கள் 21 வேண்டும் என்று சீமெந்து இடும் கம்பனி கணித்திருந்தது, போடப்பட்டவை 6. சீமெந்து ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க வந்திருந்த குழு, சோதனை செய்யாமலே அன்று காலை திருப்பி அனுப்பப்பட்டது. கிணறு ஏற்கனவே பல வாரங்கள் பிந்தியிருந்தது. மேடைக்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்து இலட்சம் டொலர் வாடகை. வெடித்த அன்று மேடையில் கம்பனி அதிகாரிகள் சிலரும் இருந்தார்கள். ஏழு வருடமாக வேலைநாள் இழக்கும்படியான விபத்து எதுவும் நடக்காததைப் பாராட்டுவதும் அவர்கள் வந்த காரணங்களில் ஒன்று.

அதன் பிறகு அமெரிக்க மக்களுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. கடலடியில் எண்ணெய் பீறிடுவதைத் தொலைக்காட்சியில் இரவு பகலாகக் காட்டினார்கள். எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்களின் படங்கள் வந்தன. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பி.பி.யின் தலைமை நிர்வாகி டோனி ஹேவார்ட் அந்த முகத்தைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். குடா மிகப் பெரிய கடல், அதிலே சிந்தியது மிகச் சிறிதளவு என்றார். மே மாதக் கடைசியில், இது முடிந்து எனக்கு என் வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்றார். பதினொரு பேருக்கு வாழ்க்கை திரும்பாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டத் தேவையிருந்திருக்கக் கூடாது. ஜூன் 19ஆம் திகதி, எண்ணெய் இன்னும் கொட்டிக்கொண்டிருக்க, இங்கிலாந்தில் ஓடிய பாய்மரப் படகுப் போட்டியொன்றில் அவரைக் கண்டார்கள். ஒக்டோபரில் அவர் போனார். மிசிசிப்பியில் வளர்ந்த பொப் டட்லி என்ற அமெரிக்கர் அந்த நாற்காலிக்கு வந்தார். கொடுத்த முகத்தைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது. கோபமும் பாதி அதனுடன் போயிற்று.

மற்றப் பாதி பெற்றோல் நிலையங்களுக்குப் போனது. பி.பி. சின்னம் மாட்டிய நிலையங்களைப் பகிஷ்கரிக்கச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். அந்த நிலையங்களில் பெரும்பாலானவை பி.பி.க்குச் சொந்தமானவையல்ல, சின்னத்தையும் எண்ணெயையும் ஒப்பந்தத்தில் வாங்கிக் கடை நடத்தும் தனியாட்களுடையவை. இலண்டனில் இருப்பவர் மேல் எறிந்த கல், தெருமுனையில் பாணும் சிகரெட்டும் விற்று வாழ்கிறவரின் கண்ணாடியில் விழுந்தது. இது எங்களுக்குப் புதிதா என்ன? எங்கோ இருப்பவன் மேல் வந்த கோபத்தில் பக்கத்துக் கடை எரிவதை இந்த நாட்டில் நாங்கள் பார்த்ததில்லையா?

ஜூன் 16ஆம் திகதி நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமாவுடன் பேசி, நட்டஈட்டுக்காக 20 பில்லியன் டொலர் நிதியொன்றை ஒதுக்க பி.பி. இணங்கியது. பேச்சு முடிந்து வெளியே வந்த கம்பனியின் தவிசாளர் ஸ்வான்பேர்க், சில எண்ணெய்க் கம்பனிகள் பேராசை பிடித்தவை என்று சொல்வார்கள், நாங்கள் அப்படியல்ல, சின்ன மனிதர்களைப் பற்றி எங்களுக்கு அக்கறை உண்டு என்றார். அவர் ஸ்வீடன் நாட்டவர். அந்நிய மொழியில் நாக்கு தடுக்கியிருக்கலாம். ஆனால் நாடே கொதித்தது. எங்களையா சின்ன மனிதர் என்கிறாய் என்று இறால் பிடிப்பவர்கள் கமராவுக்கு முன்னால் கேட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த 20 பில்லியன் யாருக்கு, எந்தக் கடதாசியைக் காட்டினால், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற கேள்வியைவிட அந்த ஒரு சொல் பெரிதாகிவிட்டது.

கம்பனிகள் அப்படியிருக்கவில்லை. அவை ஆரம்பத்திலிருந்தே கடதாசியில்தான் கண்ணாக இருந்தன. மே 11ஆம் திகதி செனட் சபை விசாரணையில் மூன்று கம்பனிகளின் பெரியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அடைப்புக் கருவி வேலை செய்யவில்லை, அது மேடைக்காரருடையது என்றது பி.பி. கிணற்றுக்குப் பொறுப்பு அதை நடத்துகிறவரே என்றது மேடைக்குச் சொந்தமான ட்ரான்ஸோஷன். பி.பி. சொன்னபடிதான் சீமெந்து போட்டோம் என்றது ஹலிபேர்ட்டன். கந்தூரிச் சோறு கருகினால் சமைத்தவர் விறகைச் சொல்வார், விறகு கொடுத்தவர் சட்டியைச் சொல்வார், சட்டி கொடுத்தவர் சமைத்தவரைச் சொல்வார். ஒபாமாவுக்கே அதைப் பார்த்துக் கோபம் வந்தது. ஆனால் அந்த மூவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கவில்லை. நாளைக்கு வரப்போகும் வழக்குக்காக ஒவ்வொரு வசனத்தையும் அளந்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் கொட்டுகிறது? முதலில் 1,000 பீப்பாய் என்றார்கள். சில நாளில் 5,000 ஆயிற்று. கடைசியில் அரச விஞ்ஞானிகள் ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் வரை வெளியேறியதாகக் கணித்தார்கள். இதை நான் பத்தாம் ஆண்டு வகுப்பில் கணக்காகவே போட்டிருக்கிறேன். அப்போது அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின்படி சிந்தியது பீப்பாய்க்கு 1,100 டொலர் வரை தண்டமாக இருந்தது. பாரதூரமான கவனயீனம் என்று நிரூபித்தால் 4,300 வரை. நாளுக்கு 1,000 பீப்பாய் வீதம் 87 நாள் என்றால், குறைந்த வீதத்தில் 95.7 மில்லியன் டொலர். நீதிமன்றம் இறுதியில் ஏற்றுக்கொண்ட 3.19 மில்லியன் பீப்பாயைக் கூடிய வீதத்தால் பெருக்கினால் 13.7 பில்லியன். வித்தியாசத்தைக் கரும்பலகையில் பார்த்ததும் ஒரு பிள்ளை, “அப்ப பொய் சொன்னா லாபந்தானே சேர்” என்றது. 2012இல் பி.பி. குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, கொட்டும் அளவைப் பற்றிக் காங்கிரஸுக்கு உண்மையை மறைத்ததும் அந்தக் குற்றங்களில் ஒன்றாக இருந்தது.

அந்தச் சட்டங்கள் வானத்திலிருந்து இறங்கியவையல்ல. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் ‘எக்ஸோன் வல்டீஸ்’ கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 11 மில்லியன் கலன் எண்ணெய் கொட்டியபோதும் கோபம் முகத்தைத்தான் தேடியது. குடித்திருந்தார் என்று சொல்லப்பட்ட கப்டன் கிடைத்தார். போதையில் கப்பலைச் செலுத்தினார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை; கவனயீனத்துக்காக 50,000 டொலர் தண்டமும் 1,000 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்கள். கம்பனிக்கு ஜூரிமார் விதித்த 5 பில்லியன் டொலர் தண்டனை நட்டஈடு மேன்முறையீடுகளில் தேய்ந்து தேய்ந்து, 2008இல் உச்ச நீதிமன்றத்தில் சுமார் 507 மில்லியனாயிற்று. அதற்குள் மனுதாரர்களில் எத்தனையோ பேர் மௌத்தாகிவிட்டார்கள். கப்பலோ பல பெயர் மாறி, 2012இல் குஜராத்தின் அலாங் கரையில் பழைய இரும்பாக உடைபட்டது. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு சிறு பங்கு முகத்தை விட்டுவிட்டுக் கடதாசிக்குப் போயிருந்தது. 1990இல் எண்ணெய் மாசடைதல் சட்டம் வந்தது. சுத்தம் செய்யும் செலவு முழுவதும் சிந்தியவருடையது. நட்டஈட்டுக்கு அப்போது 75 மில்லியன் டொலர் உச்சவரம்பு இருந்தது, ஆனால் பாரதூரமான கவனயீனம் இருந்தால் அந்த வரம்பும் இல்லை. இருபது வருடம் கழித்து பி.பி. 20 பில்லியனுக்கு இணங்கியதற்குத் தொலைக்காட்சி மட்டும் காரணமல்ல. அலாஸ்கா மீனவர்களின் கோபம் சட்டப் புத்தகத்தில் காத்துக்கொண்டிருந்தது.

2014இல் நீதிபதி பார்பியர், பி.பி.யிடம் பாரதூரமான கவனயீனம் இருந்ததென்று தீர்த்து, பொறுப்பை 67, 30, 3 என்று நூற்றுவீதத்தில் மூன்று கம்பனிகளுக்கும் பிரித்தார். அரசுகளுடனான இணக்கம் 20.8 பில்லியன் டொலரில் முடிந்தது. எல்லாச் செலவும் சேர்ந்து பி.பி.க்கு 65 பில்லியனைத் தாண்டியது. பதினொரு மரணங்களுக்காகக் கம்பனி குற்றவாளியானது. ஒரு மனிதர் கூடச் சிறைக்குப் போகவில்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிக்கும், புஹாரியில் உள்ள ஹதீஸ் ஒன்றை நாம் ஜும்ஆக்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பிடிக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன், எங்கள் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோமே என்று கீழே உள்ளவர்கள் நினைக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எண்ணெய்க் கம்பனிகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் குத்தகை, எங்கள் பங்கு, எங்கள் துளை. வித்தியாசம், இங்கே துளைப்பவர்கள் மேல்தட்டுக்காரர். தண்ணீர் முதலில் ஏறுவது கீழே இருப்பவர் காலில்.

அந்த ஹதீஸில் கையைப் பிடிப்பது துளை விழுவதற்கு முந்திய வேலை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது கனிம வள முகாமைத்துவச் சேவை என்ற திணைக்களம். அரசுக்காக எண்ணெய்க் கம்பனிகளிடம் வருமானம் வசூலிப்பதும் அதுவே, அவர்களின் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் அதுவே. அதன் உத்தியோகத்தர் சிலர் கம்பனிகளிடம் அன்பளிப்பும் விருந்தும் பெற்றதை 2008இல் உள்ளக விசாரணை அறிக்கைகள் வெளிப்படுத்தியிருந்தன. பிடிக்க வேண்டிய கையில் ஏற்கனவே வேறெதோ இருந்தது. வால்ரஸுக்குப் புள்ளி போட்ட வாத்தியார் இவர்தான். வெடிப்புக்குப் பிறகு அதன் பெயரை மாற்றி, பின்னர் வெவ்வேறு அலுவலகங்களாகப் பிரித்தார்கள்.

இந்த வாசகம் எங்கள் கரைக்கு எப்போது வந்தது என்று சொல்ல வேண்டும். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, அம்பாறைக் கரையில் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைல் தொலைவில் ‘நியூ டயமன்ட்’ கப்பல் தீப்பிடித்தது. அதில் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அந்த நாட்களில் வாடிப் பக்கம் போனால் எல்லோரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை வளைக்கும் வயதான காக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: “சேர், அந்த எண்ண இஞ்ச வந்தா நாங்க ஆரிட்டப் போய்க் கேக்கிற?”

பத்திரிகையைப் பார்த்து அவருக்குச் சொன்னேன். கொடி பனாமா நாட்டுடையது. சொந்தக்காரக் கம்பனி லைபீரியாவில் பதிவானது. நடத்துபவர்கள் கிரேக்கர்கள். எண்ணெய் குவைத்திலிருந்து ஏற்றியது. இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குப் போகிறது. கொதிகலன் வெடித்து இறந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். காக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ஒருத்தருமில்ல எண்டு சொல்லுங்க” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. கப்பலின் சொந்த எரிபொருள்தான் கொஞ்சம் கசிந்தது. இங்கேயும் முகம் கப்டனுடையதாயிற்று. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள, கொழும்பு மேல் நீதிமன்றம் 12 மில்லியன் ரூபா தண்டம் விதித்தது. தீயணைப்புக்கான செலவென்று கப்பற்காரர் 442 மில்லியன் ரூபா செலுத்தினார்கள்.

எட்டு மாதத்தில் மேற்குக் கரையில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’. அது எண்ணெய்க் கப்பலல்ல, கொள்கலன் கப்பல். ஆனால் பொறுப்பு எப்படி நழுவுகிறது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். நைத்திரிக் அமிலம் ஒழுகிய கொள்கலனைக் கட்டாரிலும் இந்தியாவின் ஹசிராவிலும் இறக்க முடியாமல் கொழும்புக்கு வந்து, 2021 மே 20இல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. ஆமைகள் செத்துக் கரையொதுங்கின. மீன் வாங்கவே சனம் பயந்தது. கப்பலின் கொள்ளளவை வைத்துப் பொறுப்புக்கு உச்சவரம்பு கட்டும் சர்வதேசச் சமவாயம் ஒன்று இருக்கிறது. அதன்படி இலண்டன் நீதிமன்றம் 2023இல் 19 மில்லியன் பவுணுக்கு அந்தக் கம்பனியின் பொறுப்பைக் கட்டுப்படுத்தியது. எங்கள் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு பில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. கொடுக்க முடியாது என்று அடுத்த செப்டெம்பரில் கம்பனித் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். இறந்துபோன ஆமைகளின் எண்ணிக்கை அதைத் தீர்மானிக்கவில்லை. எந்த ஊர்க் கடதாசி முதலில் எழுதப்பட்டது என்பது தீர்மானித்தது.

இனி அந்த 20 பில்லியனுக்குத் திரும்புகிறேன். அது எப்படிப் பங்கிடப்பட்டது? வருமானத்தை நிரூபியுங்கள் என்றார்கள். வரிப் பத்திரம், பற்றுச்சீட்டு, முன்னைய வருடங்களின் கணக்கு. குடாக் கரையில் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய இறால் பிடிகாரர் ஏராளம். காசுக்குக் காசாக விற்று, பிடித்ததில் ஒரு பங்கை வீட்டுக்கும் உறவுக்கும் கொடுத்து வாழ்ந்தவர்கள். படிவங்களின் மொழியே பலருக்கு விளங்கவில்லை. ஆதாரமில்லாவிட்டால் இன்னொரு வழியிருந்தது: தனியாளுக்கு 5,000 டொலர், வியாபாரத்துக்கு 25,000 டொலர் உடனே வாங்கிக்கொண்டு, இனி வழக்குப் போடமாட்டேன் என்று கையொப்பமிடுவது. பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள். அடுப்பெரிய வேண்டுமே. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் ஒரு எண்ணெய்க் கப்பல் உடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். ஊர்வலம் நடந்திருக்கும். டயர் எரிந்திருக்கும். பள்ளியில் குனூத் ஓதியிருப்போம். பிறகு யாரோ ஒரு சட்டத்தரணி வந்து, போன வருடம் இதே மாதம் எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்டிருப்பார். காட்ட எங்களிடம் ஒரு துண்டும் இல்லை. கூலர்காரர் மீனை நிறுத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் கணக்கு.

அந்த வருடக் கடைசியில், தோணிக்கு ஒரு கொப்பி என்று சிலருக்கு வாங்கிக் கொடுத்தேன். எழுதுவது அவர்களின் பிள்ளைகள், என் மாணவர்கள். திகதி, போன நேரம், கீரி எத்தனை கிலோ, பாரை எத்தனை, மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர், விற்ற விலை. வாரத்தில் ஒரு நாள் பார்த்துக் கையொப்பமிடுகிறேன். ஏழு தோணியில் நாலு எழுதுகின்றன. மூன்று பேர் விட்டுவிட்டார்கள். அந்தக் காக்கா ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “சேர், இத வரிக்காரன்ட கண்ணுல காட்டிராதீங்க” என்று சொல்லி வைத்தார். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

போன வாரக்காற்றில் தோணிகள் மூன்று நாள் இறங்கவில்லை. திங்கட்கிழமை ஒரு பையன் கொப்பியுடன் வந்து, “போகாத நாளையும் எழுதணுமா சேர்?” என்று கேட்டான்.

“எழுது மகன். காத்து, அதனால போகல்ல எண்டு எழுது” என்றேன். மூன்று வரியையும் அங்கேயே நின்று எழுதினான்.